முதல் வெட்டு எங்க வீட்டுது

அவன் கண்ணை நான் குத்தலை. அதை முதல்லயே சொல்லிடறேன் பொண்ணு, அப்பறம் யாராச்சும் வேற மாதிரி சொன்னா நம்பிடப்போற. துடுப்புதான் குத்துச்சு. நான் துடுப்பை வீசுனேன், குனிஞ்சுக்கிட்டிருந்தவன் நிமிந்தான். நிமிராம இருந்திருந்தா முதுகுல பட்டிருக்கும். முதுகுல பட்டா செத்தா போயிடுவான்? நிமிந்தது யாரு தப்பு?

நீ நர்சுதானே? வெள்ளை உடுப்பைப் பாத்ததும் நெனச்சேன். கொஞ்சம் நகந்து உக்காரு, சன்னல் பக்கம் எனக்கு வேணும். பாலம் வர்றப்ப நான் ஒண்ணு பாக்கணும், ஒனக்கும் காட்டறேன். இந்தக் கையைப் பாரு முதல்ல. ரெண்டு கையிலயும் கொப்புளம். நேத்து மம்பட்டி புடிச்சது. எரியுது, ஆனா எரியட்டும். நல்ல காரியத்துக்கு எரியுது.

எங்க போறேன்னா கேட்ட? கல்யாணத்துக்கு. எம்பொண்ணு செவ்வந்திக்கு இன்னைக்குக் காலையில முகூர்த்தம். பெத்தவ பஸ்ல தனியாப் போறேன், பாரு கூத்தை. மாப்பிள்ளை யாருங்கற? நான் சொன்னனே, துடுப்பு குத்துன ஒத்தக்கண்ணன், அவன் மவன்தான். பக்கிரின்னு பேரு அவனுக்கு. எங்கூடப் பொறந்த தம்பி. அவன் மவனுக்கு எம்பொண்ணுன்னு தொட்டில்லயே பேசுனது, அதுல எனக்குக் குறை இல்லை. ஆனா மூணு வருஷமா அவ மாமன் வீட்டுலயே கெடக்கா. எங்க வீட்டுக்காரரும் முந்தாநேத்தே துணிப்பையைத் தூக்கிக்கிட்டு அங்க போயிட்டாரு. நான் மட்டும் வெளியில.

கூப்புடலைன்னும் சொல்ல முடியாது. செவ்வந்தி போன் போட்டா. "அம்மா, நீ வா. வந்து மாமா எதுக்க நின்னு, நீ கழியில மருந்து கலக்கலைடா தம்பி, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொன்னா எம் பக்கத்துல நில்லு. சொல்ல முடியாதுன்னா வராத" அப்படிங்கறா. பெத்தவளுக்கு நிபந்தனை! ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேன்னு நீயும் நெனைக்கிற. மூஞ்சியிலயே தெரியுது. பொய்யை எப்படிம்மா சொல்றது? எனக்கு ஆயிரம் கெட்ட கொணம் உண்டு, பொய் மட்டும் வராது.

முதல்லேர்ந்து கேளு.

எங்க ஊரு கீழத்திட்டு. ஆறு கடலைத் தொடற எடம். தொடறதுக்கு முன்னாடி அகலமாப் பரவி நிக்கும், அதைத்தான் கழிங்கறோம். தெக்குக் கரை நாங்க, வடக்குக் கரை அக்கரை. நான் பொறந்தது அக்கரையில, வாக்கப்பட்டது கீழத்திட்டுல. தோணியில போனா வெத்தலை போட்டுத் துப்பற நேரம். இப்ப என் தோணியை அங்க கரை சேரவிட மாட்டானுங்க, அதான் இந்தப் பஸ்ஸுல ஊரைச் சுத்திக்கிட்டு வர்றேன்.

கடல்மீனு கடல்லதான் இருக்கும்னு டவுன்காரங்க நெனைக்கிறாங்க. குஞ்சு வளர்றது பூரா எங்க கழியில. மழை ஓஞ்சு தை பொறக்கறப்ப கடல் ஏத்தத் தண்ணியோட உள்ள நுழையும். மடவைக் குஞ்சு, கெழங்கான் குஞ்சு, இறால் குஞ்சு, கொடுவாக் குஞ்சு. அலையாத்திச் செடி வேருக்குள்ள பூந்துக்கிட்டு, அங்கயே தின்னு அங்கயே தூங்கி, விரல் நீளம் ஆனதும் கடலுக்குத் திரும்பும். பெரிய மீன் அந்த வேருக்குள்ள வர முடியாதுல்ல, அதான். அதுல எனக்குப் புடிச்சது கொடுவாக் குஞ்சு. நகக்கண்ணு அளவு இருக்கறப்பவே பக்கத்துல போறதை முழுங்கப் பாக்கும். தன்னைவிடப் பெருசா இருந்தாலும் பாக்கும். அதுக்கு ரோஷம் ஜாஸ்தி.

நாங்க பொம்பளைங்க பனையோலைப் பறிக்கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு கழுத்தளவுத் தண்ணியில எறங்குவோம். ரெண்டு கையாலயும் தரையைத் தடவித் தடவி இறாலைப் புடிச்சுப் பறியில போடுவோம். குஞ்சுங்க வந்து வயித்துல முட்டும், அக்குள்ல கூச்சம் காட்டும். புள்ளைங்களைக் குளிப்பாட்டற மாதிரிதான் இருக்கும். நான் புள்ளை வளத்ததைவிட அந்தக் குஞ்சுங்களோட கெடந்தது அதிகம். செவ்வந்தியே சொல்லுவா.

பங்குனி பொறந்தா கடலு மணலைத் தள்ளிக்கிட்டு வந்து முகத்துவாரத்தை அடைச்சுப்புடும். அப்பறம் கடல்தண்ணி உள்ள வராது, உள்ளத் தண்ணி வெளிய போகாது. மாட்டுன குஞ்சு மாட்டுனதுதான். சித்திரை வெயில்ல தண்ணி காயும், உப்பு ஏறும், அடியில சேறு கறுத்து முட்டை நாத்தம் அடிக்கும். அப்ப மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடணும். தேருல மொத வடம் யாருக்குன்னு மண்டையை ஒடைச்சுக்கறாங்கல்ல, அந்த மாதிரி அந்த முதல் வெட்டு. அது எங்க வீட்டுது. எங்க வீட்டுக்காரரு, அவரு அப்பா, அவருக்கு அப்பா. எங்க வீட்டு மம்பட்டி விழாம எவனும் ஒரு புடி மண்ணை அள்ளக் கூடாது.

அதுக்கு ஒரு முறை வெச்சிருக்காங்க. நடுக்கழியில ஆழமான மடு இருக்கு. அதுல ஒரு மூங்கில் கோலை ஊணி வெச்சு, மறுநாள் புடுங்கிப் பாப்பாங்க. அடி கறுத்திருக்கும். கறுப்பு முழங்கால் உசரத்துக்குள்ள நின்னா வெட்டலாம். அதுக்கு மேல ஏறியிருந்தா வெட்டக் கூடாது, மழை பேஞ்சு மேற்கேருந்து புதுத்தண்ணி எறங்கற வரைக்கும் காத்துக்கிடக்கணும். ஏன்னு கேளு, ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. அம்மன் உத்தரவும்பாங்க. அம்மன் வந்து கோலுக்குக் கறுப்பு பூசுதா?

மூணு வருஷத்துக்கு முந்தி, அந்த வருஷம் கோடை மழை ஒரு பொட்டு இல்லை. கழி நாறுது. அதிகாரிங்க வந்து பாத்துட்டு, பொக்லைன் வெச்சு வெட்டிடலாம்னு பேசிட்டுப் போனாங்க. ஊரு ஆம்பளைங்க மண்டையை மண்டையை ஆட்டறானுங்க. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! பொக்லைன் வெட்டுனா முதல் வெட்டு யாருது? ஓட்டறவனுதா? அவன் எந்த ஊரோ, யாரு பெத்த புள்ளையோ. நாளைக்கு எங்க வீட்டு மம்பட்டி எதுக்கு, கொல்லையில வாழைக்கன்னு வெக்கவா?

வீட்டுக்காரரைக் கெளப்புனேன். "கோலு பாக்கணும் காத்தாயி"ன்னாரு. சரி பாருங்கன்னேன். மறுநாள் கோலைப் புடுங்கறாரு, இடுப்பு உசரத்துக்குக் கறுத்துக் கெடக்கு. தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு மனுஷன். அந்தக் கோலை வாங்கி அவரு தொடையிலயே ஒண்ணு போட்டேன். கோலு ஒடிஞ்சுபோச்சு. இனிமே எதைப் பாத்துச் சொல்லுவீங்க, எந்திரிங்கன்னேன். எந்திரிச்சாரு. அவரு நல்லவரு, தள்ளிவிட்டா நடப்பாரு.

எப்படியோ சேதி அக்கரைக்குப் போயி, பக்கிரி தோணியைப் போட்டுக்கிட்டு வந்துட்டான். மணல்மேட்டு மேல வந்து நின்னுக்கிட்டு, "வேணாங்கா. மேலத் தண்ணிதான்கா நல்ல தண்ணி. வெட்டுனா அதுதான் முதல்ல ஓடும். அடியில கெடக்கறது பூரா வெஷம்கா. குஞ்செல்லாம் அதுல மாட்டிக்கும்"னான்.

கவனிச்சியா? வெஷம். அந்த வார்த்தை முதல்ல யாரு வாயிலேருந்து வந்துச்சு? அவன் வாயிலேருந்து. நான் இதைப் போலீஸ்கிட்டயும் சொன்னேன், பஞ்சாயத்துலயும் சொன்னேன். ஒருத்தனும் காதுல போட்டுக்கலை.

அவனுக்கு என்ன வந்துச்சுங்கற? கழிக் கரையில ரெண்டு இறால் குட்டை வெட்டியிருந்தான். மதகு வழியாக் கழித்தண்ணியைத்தான் உள்ள விடுவான். கழி வத்துனா குட்டை வத்தும். அதான் அக்கறை, அக்கா மேல இல்லை. எடுடா கையைன்னேன். மம்பட்டிக் காம்பை விட மாட்டேங்கறான். கடிச்சேன். மணிக்கட்டுல நல்லாப் பல்லு எறங்குச்சு. சின்னதுலயும் அவனைக் கடிச்சுதான் வழிக்குக் கொண்டு வருவேன். கையை ஒதறிக்கிட்டுப் போனான். போறப்ப, "ஒனக்கு நல்ல சாவே வராதுக்கா"ன்னான். தம்பி வாயால இதையும் கேட்டேன்.

எங்க வீட்டுக்காரரு அழுதுக்கிட்டே வெட்டுனாரு. ஆனந்தத்துலதான் அழுதிருப்பாரு.

நீ அதைப் பாத்திருக்கணும் பொண்ணு. ஒரு சாண் அகலத்துக்கு வழி விட்டாப் போதும், மீதியைத் தண்ணியே வெட்டிக்கும். முதல்ல பாம்பு மாதிரி நெளிஞ்சு போச்சு. பாத்துக்கிட்டே இருக்கோம், ரெண்டு கரையும் பாளம் பாளமா இடிஞ்சு உள்ள விழுது. அப்பறம் ஒரு சத்தம். கடல் ஒரு பக்கம் உறுமுது, கழி ஒரு பக்கம் பாயுது. கட்டியிருந்த தோணி ஒண்ணைக் கயித்தோட அத்துக்கிட்டுப் போயிருச்சு. மேஞ்சுக்கிட்டிருந்த ஆட்டைக் கரையோட சேத்து இழுத்துருச்சு, அது ஒரு தடவைதான் கத்துச்சு. நான் குலவை போட்டேன். தொண்டை கிழியக் குலவை போட்டேன். பொக்லைன் வேணுமாம் பொக்லைன்.

அன்னைக்குப் பூரா தண்ணி ஓடுச்சு. சாயங்காலம் கழி பாதியாயிருச்சு. கறி எடுத்துக் கொழம்பு வெச்சேன்.

மறுநாள் விடிஞ்சும் விடியாம பறியைக் கடிச்சுக்கிட்டு எறங்கப் போனேன். என்னைக்கும் நடந்து போற கரைதான். கால்ல ஏதோ குத்துது. குனிஞ்சு பாக்கறேன், இறால். இறால் கரையேறிக் கெடக்கு. தண்ணியை விட்டு மண்ணுல ஏறி, வேருல தொத்தி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நெளியுது. இறால் கரையேறி நான் பாத்ததே இல்லை. அப்பறம் தண்ணியைப் பாத்தேன். கழி முழுக்க வாய். வாய் வாயாத் தெரியுது. மடவைக் குஞ்சு மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடுது. நான் கையை விட்டதும் நகரலை. கையிலயே சாஞ்சுருச்சு. கெழங்கான் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு அடுக்கடுக்கா ஒதுங்குது. என் கொடுவாக் குஞ்சு, அவ்வளவு ரோஷக்காரன், செவுள் விரிஞ்சு நாக்குப்பூச்சி மாதிரி தொங்குறான். பெருசு பூரா தண்ணியோட கடலுக்கு ஓடிப் பொழச்சிருச்சு. வேருக்குள்ள கெடந்த பச்சைப் புள்ளைங்கதான் செத்துச்சு.

அழுதேன். ஆமா, அழுதேன். நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேன். எனக்கு அழத் தெரியாதுன்னு செவ்வந்தி சொல்லுவா, அன்னைக்கு அவளும் பக்கத்துலதான் நின்னா.

வெஷம்னு முந்தின நாளு சொன்னவன் யாருன்னு அப்பத்தான் மண்டையில அடிச்சுது. கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை, கழி வத்துற ஆத்திரத்துல குட்டைக்கு வாங்கி வெச்சிருந்த மருந்தைக் கொட்டிட்டான். நான் கூப்புட்டதும் பொம்பளைங்க அத்தனை பேரும் தோணியில ஏறுனாங்க. அரிவாள்மணை எடுத்தவளும் உண்டு. நான் துடுப்பு போட்டேன். செத்த குஞ்சுங்களைக் கிழிச்சுக்கிட்டுத்தான் தோணி போச்சு. துடுப்பைத் தூக்குனா அதுல அஞ்சாறு ஒட்டிக்கிட்டு வருது.

அங்க போயிப் பாத்தா, வயிறு பத்துது பொண்ணு, வயிறு பத்துது. பக்கிரி கழித்தண்ணியில நிக்கறான், கையில குண்டான். அவன் பொண்டாட்டி கையில குண்டான். மவன் வீரமணி கையில வாளி. மூணு பேரும் எங்க குஞ்சுங்களை அள்ளி அள்ளி அவன் குட்டையில கொட்டறாங்க! குட்டையில மோட்டார் சக்கரம் சுத்துது, தண்ணியை அடிச்சுத் தெளிக்குமே, அது. எங்க கொடுவாவும் மடவையும் அதுக்குக் கீழ உசுரோட துள்ளுது. வெளிய மருந்தை ஊத்திக் கொல்றான், பொழச்சதைத் திருடி உள்ள வெச்சுக்கறான். கரையெல்லாம் வேற வெள்ளை மாவு. சுண்ணாம்புன்னு அப்பறம் சொன்னாங்க. சுண்ணாம்பும் வெள்ளை, மருந்தும் வெள்ளை.

என்னைப் பாத்ததும், "அக்கா, வந்துட்டியா, அந்த வாளியை எடு, சீக்கிரம்"ங்கறான். என்ன நெஞ்சழுத்தம்! திருட்டுல என்னையும் கூட்டு சேக்கறான்.

அப்பத்தான் வீசுனேன். அவன் குனிஞ்சு குண்டானை முக்கிக்கிட்டிருந்தான், நிமிந்தான். துடுப்பு நுனி கண்ணுக்குள்ள போச்சு. ஒரு சத்தம் வந்துச்சு, ஒனக்குத் தெரியும், நீ ஆஸ்பத்திரியில இருக்கறவ. கண்ணைப் பொத்திக்கிட்டான், விரலுக்கு எடையில ரத்தம் வழியுது. இன்னொரு கையில குண்டானை விடலை பாரு! கீழ வெக்காம அப்படியே மண்டி போட்டு உக்காந்தான். திருட்டுப் பொருள் மேல அவ்வளவு ஆசை. குண்டானை எட்டி ஒதைச்சேன். அப்பறம் குட்டைக்குள்ள எறங்கி அந்தச் சக்கரத்தைத் துடுப்பாலயே அடிச்சு நொறுக்குனேன். கரண்டு அடிக்கும்டின்னு கத்தறாளுங்க, எனக்குக் காது கேக்கலை. அவன் மவன் தடுக்க வந்தான், இடுப்புல ஒரு ஒதை. பொம்பளைங்க குடிசையைப் பிரிச்சுப் போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள குட்டையில கெடந்ததும் மெதந்துருச்சுன்னு சொன்னாங்க. திருடுனது தங்குமா?

செவ்வந்திதான் அவனைத் தோள்ல சாச்சுக்கிட்டு ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. எங்கூடத் தோணியில வந்தவ. திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா. வாடி இங்கன்னு கன்னத்துல ரெண்டு வெச்சேன். அழலை. அப்படியே போனவதான், மூணு வருஷம் ஆச்சு.

போலீஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரியில போயி அவன்கிட்டக் கேட்டாங்களாம், யாரு அடிச்சதுன்னு. "வழுக்கி விழுந்தேன், மதகுக் கம்பி குத்திருச்சு"ன்னு எழுதிக் குடுத்துட்டான். ஏன் சொல்லு? கண்ணு போனவன் எவனாச்சும் சும்மா விடுவானா? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. அன்னைக்கே எனக்கு நிச்சயமாயிருச்சு, இவன்தான்னு.

நடுவுல மீனு படிப்பு படிக்கற காலேஜுப் பொண்ணு ஒண்ணு சீசாவும் கையுமா வந்துச்சு. ஒன் வயசுதான் இருக்கும். மூணு நாளு தண்ணியைப் புடிச்சுப் புடிச்சுப் பாத்துட்டு, மருந்து ஒண்ணும் இல்லைங்குது. மேலத் தண்ணியிலதான் காத்து கலந்திருந்துச்சாம், அடித்தண்ணியில காத்தே இல்லையாம். வெட்டி விட்டதும் மேலது வடிஞ்சு போயி, குஞ்சுங்க அடித்தண்ணியில மாட்டி மூச்சு முட்டிச் செத்துச்சாம். நான் கேட்டேன், ஏம்மா, தண்ணிக்குள்ள காத்து இருந்தா குமிழி வராதா? மீனு என்ன மூக்கை வெச்சுக்கிட்டா கெடக்கு? அதுவும் பொறுமையாத்தான் ஏதோ சொல்லுச்சு. ஆகமொத்தம் எங்க வீட்டு மம்பட்டிதான் கொன்னுச்சுங்கறியான்னு கேட்டேன். சீசாவெல்லாம் தூக்கி ஒடைச்சேன். கண்ணாடி கால்ல குத்துனதுதான் மிச்சம். பக்கிரி சொன்னதையே இதுவும் சொல்லுதே, அவன் எவ்வளவு குடுத்தானோ.

நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கற? கேளு, இனிமேதான் நியாயமே இருக்கு.

அதுக்கப்பறம் மூணு வருஷமா மழை எறங்குனப்பறம்தான் வெட்டறாங்க. கோலு பாத்து, ரெண்டு கரையும் கூடிப் பேசி. எங்க வீட்டுக்காரருதான் முதல் வெட்டு, அதுல மாத்தமில்லை. ஒரு குஞ்சு செத்துச்சா? இல்லையே. ஏன் சாகலை? காலேஜுப் பொண்ணு சொல்றது நெசம்னா வெட்டுனா சாகணும்ல? சாகலை. ஏன்னா கண்ணு போன பயத்துல அவன் மருந்தை நிறுத்திட்டான். அடி ஒதவுறாப்புல அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நான் அடிச்ச அடியிலதான் இந்தக் கழியில இன்னைக்குக் குஞ்சு வளருது. அதுக்கு ஒரு நன்றி உண்டா? எம்பொண்ணு கல்யாணத்துல எனக்கு எடம் இல்லை.

ராத்திரியெல்லாம் யோசிச்சேன் முந்தாநேத்து. வீட்டுல தனியா. அவரும் போயிட்டாரு. செவ்வந்தி பொறந்தப்ப மூணு நாளு பால் குடிக்கலை, மார்ல வெச்சு வெச்சு விரலால சொட்டு சொட்டா ஊட்டுனேன். அதுக்குத் தாலி ஏறுறப்ப நான் பக்கத்துல நிக்கணும் பொண்ணு. வேற எதுவும் வேணாம் எனக்கு. நின்னு, தலையில கொஞ்சம் அரிசி போடணும். அவ்வளவுதான். ஆனா பொய் சொல்லி நிக்க மாட்டேன்.

அதான் ஒண்ணு செஞ்சேன். இந்த வருஷமும் மழை இல்லை, முகத்துவாரம் அடைச்சுத்தான் கெடக்கு. வெட்டுனா குஞ்சு சாகும்ங்கறானுங்கள்ல? வெட்டிக் காட்டிட்டா? சாகலைன்னா யாரு பொய்யன், யாரு உண்மைன்னு கழியே சொல்லிடும்ல? நான் வாயைத் தொறக்கவே வேணாம்.

நேத்து காலையில ஊரு ஜனம் பூரா கல்யாணத்துக்குத் துணி எடுக்க, பூ கட்டன்னு போயிருச்சு. நான் மம்பட்டியை எடுத்தேன். பொம்பள வெட்டக் கூடாதும்பாங்க. எங்க வீட்டு மம்பட்டி, எங்க வீட்டுக் கை, யாரு கேக்கறது? கோலெல்லாம் போட்டுப் பாக்கலை, அது எதுக்கு வேலை மெனக்கெட்டு. ஒத்தையில வெட்டுனேன். மணல் பாறையா இறுகிக் கெடக்கு. கை கொப்புளிச்சுது, கொப்புளம் ஒடைஞ்சுது, காம்புல ரத்தம். மதியத்துக்கு மேல ஒரு சாண் வழி ஆச்சு. அப்பறம் நான் ஒதுங்கிக்கிட்டேன், தண்ணி பாத்துக்கிச்சு. அதே சத்தம். நான் குலவை போட்டேன், பக்கத்துல ஒரு ஆளு இல்லை, இருந்தாலும் போட்டேன். எம்பொண்ணு கல்யாணம்ல. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன், கழிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை.

இப்ப என்ன செய்யப்போறேன் தெரியுமா? பாலம் தாண்டுனதும் அவன் வீடு. கழிக் கரையிலயே பந்தல், பாலத்துலேருந்தே தெரியும். நேராப் போயி செவ்வந்தி கையைப் புடிச்சு கரைக்கு இழுத்துக்கிட்டு வந்து காட்டுவேன். பாருடி, வெட்டியாச்சு. பாருடி, ஒன் மாமன் சொன்ன மாதிரி செத்துச்சா? துள்ளுது பாரு. இப்ப சொல்லு, அன்னைக்கு யாரு கொன்னதுன்னு. அப்பறம் அவளே என்னைப் பக்கத்துல நிறுத்திக்குவா. நிறுத்தித்தானே ஆகணும். இந்தப் புடவையைப் பாரு, அவளுக்குப் புடிக்கும்னு மாம்பழக் கலருல எடுத்தேன்.

இந்தா, பாலம் வந்துருச்சு. சன்னலை நல்லாத் தள்ளு. கண்டக்டரு, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுய்யா. ஏன் நின்னுருச்சு? பாலத்து மேல என்ன கூட்டம்? எல்லாம் கல்யாணத்துக்கு வந்த ஜனமா இருக்கும். எட்டிப் பாரு பொண்ணு, கடல்தண்ணி உள்ள ஏறியிருக்கும், பச்சையா இருக்கும் பாரு.

என்னது அது, வெள்ளையா?

நுரை. புதுத்தண்ணி வந்தா நுரைக்கும். நீ ஏன் மூக்கைப் பொத்தறே?

நுரைதாம்மா அது. கரை ஓரமெல்லாம் நுரை ஒதுங்கியிருக்கு. காத்துக்கு. காக்கா எதுக்கு இவ்வளவு வந்திருக்கு.

அங்க பாரு, பந்தல் தெரியுது. ஆளு யாரையும் காணோமே உள்ள. மேளக்காரனுங்க கரையில நிக்கறானுங்க. தண்ணியில யாரு அது? மஞ்ச வேட்டி. மாப்பிள்ளை வேட்டியில்ல அது! வீரமணி மாலையோட தண்ணியில நிக்கறான், கையில சோத்துக் குண்டான். எங்க வீட்டுக்காரரும் நிக்கறாரு. சமையலுக்கு வெச்ச அண்டாவையெல்லாம் தூக்கிக்கிட்டு ஓடறாங்க. அது யாரு, செவப்புப் பட்டு? முழங்காலுக்கு மேல ஏத்திச் செருகிக்கிட்டு? செவ்வந்தி. என் செவ்வந்தி. முழங்கால் சேத்துல கூரைப்புடவையோட, ரெண்டு கையாலயும் அள்ளறா, அள்ளி அள்ளி ஊத்தறா. அழறா பொண்ணு அவ. இங்கேருந்தே தெரியுது, தோளு குலுங்குது.

பக்கத்துல அவன். பாத்தியா, பக்கத்துல நின்னுக்கிட்டு வாளியை ஏந்தறான். மறுபடியும் ஊத்திட்டான். நான் வெட்டுனது எப்படியோ தெரிஞ்சுபோயி, என்னைப் பொய்யாக்கணும்னே ராவோட ராவா ஊத்தியிருக்கான். எம்பொண்ணு கல்யாணத்து அன்னைக்கு. எம்பொண்ணையே சேத்துல எறக்கி அழவெச்சு.

நகரு. கையை விடு, ஏன் புடிக்கறே என்னை? நீ யாரு எனக்கு? கண்டக்டரு, கதவைத் தொற. இங்கயே எறங்கணும் நான்.

இன்னொரு கண்ணு இருக்குல்ல அவனுக்கு.